இப்போ என்ன படிக்கிறீங்க? தோட்டத்து ஊர்களில் புத்தகம் பேசவும் பரிந்துரைக்கவும்

“ரொம்ப நல்ல புத்தகம், கட்டாயம் படிங்க.” வாசகர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதில் அதிகம் வீணாகும் பேச்சு இதுதான். கேட்பவர் தலையாட்டுவார், பெயரைக் கைப்பேசியில் குறித்துக்கொள்வார், அதோடு சரி. அவரைச் சோம்பேறி என்று நினைக்க வேண்டாம். எத்தனை பக்கம், எந்த ஊர்ப் பேச்சுமொழி, மனத்தைப் போட்டுப் பிசையுமா, ஷிப்ட் முடிந்து இரவு பத்தரைக்கு வீடு வருபவர் நாலு பக்கமாவது ஓட்ட முடியுமா, இதில் ஒன்றையும் நாம் சொல்லவில்லை. பரிந்துரை என்றால் இந்த ஆளுக்கு இந்தப் புத்தகம் என்று பொருத்தம் பார்ப்பது. ஜாதகத்தில் ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துக் கல்யாணம் முடிக்க மாட்டோம். புத்தகத்தைத் தெரிந்து வைத்திருக்கும் அளவுக்கு எதிரே இருக்கும் ஆளையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

மலேசியாவில் சுங்கை சிப்புட், பீடோர், தெலுக் இந்தான் மாதிரி ரப்பரையும் செம்பனையையும் நம்பி வளர்ந்த ஊர்களில் இந்தப் பொருத்தம் இன்னும் முக்கியம். நல்ல தமிழ்ப் புத்தகம் வாங்க ஈப்போ லிட்டில் இந்தியாவுக்கோ கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸுக்கோ போக வேண்டியிருக்கும். ஊருக்குள் ஒரு நாவலுக்குப் பெரும்பாலும் ஒரே பிரதிதான். அது பத்துக் கை மாறியாக வேண்டும். பொருந்தாத கைக்குப் போன புத்தகம் தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்திலேயே ஆறு மாதம் கிடக்கும். சரியான ஆளிடம் போனால் இரண்டு வாரத்தில் திரும்பும், அடுத்து கேட்க ஒருவரையும் கூட்டிக்கொண்டு வரும்.

கூடும் நாளும் இடமும்

வாசகர் வட்டம் ஒன்று தொடங்க எட்டுப் பேர் போதும். ஐந்து பேரோடும் தொடங்கலாம். பன்னிரண்டைத் தாண்டினால் இரண்டாகப் பிரிந்து உட்காருங்கள், இல்லையென்றால் பாதிப் பேர் வெறும் பார்வையாளர்கள் ஆகிவிடுவார்கள். மாதம் ஒரு முறை, ஒன்றரை மணி நேரம். வாரம் ஒரு முறை என்று ஆரம்பிக்கும் வட்டம் சீக்கிரம் சோர்ந்துவிடும், ஏனென்றால் வேலைக்குப் போகிறவரால் வாரத்துக்கு ஒரு புத்தகம் முடிக்க முடியாது. பேச ஒன்றும் இல்லாமல் வருவதற்குக் கூச்சப்பட்டே வராமல் நின்றுவிடுவார்.

ஞாயிற்றுக்கிழமை மாலை நாலரை மணி பெரும்பாலோருக்குத் தோதான நேரம். காலையில் சந்தையும் கோயிலும், இரவில் மறுநாள் வேலைக்கும் பள்ளிக்கும் ஆயத்தம். ஊரில் பாசார் மாலாம் (இரவுச் சந்தை) நடக்கும் நாளையும் கோயில் திருவிழா வாரத்தையும் தவிர்த்துவிடுங்கள். கெடா மாநிலத்தில் வார விடுமுறை வெள்ளியும் சனியும் என்பதால் அங்கே வெள்ளி மாலை வைப்பது நல்லது. தேதியை மாதாமாதம் பேசி முடிவு செய்யாதீர்கள். “ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு” என்று ஒரே அடியாக வைத்துவிட்டால் யாரும் யாரையும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

இடம் என்றால் தமிழ்ப்பள்ளி வகுப்பறை முதல் தரம். தலைமையாசிரியருக்கு ஒரு கடிதம் கொடுத்து, சாவியை யார் வாங்கித் திருப்பித் தருவது என்று ஒருவர் பெயரையும் எழுதிக் கொடுங்கள். கோயில் மண்டபமும் நன்றாக இருக்கும், ஆனால் திடீரென்று ஒரு காரியம் வந்தால் இடம் கிடைக்காது. சாப்பாட்டுக் கடையில் தே தாரேக்கோடு பேசுவது இனிமைதான், மூன்று பேருக்கு மேல் போனால் காது கேட்காது. நாற்காலிகளை வட்டமாகப் போடுங்கள். மேடை, ஒலிவாங்கி, பேனர் மூன்றும் வேண்டாம். ஒலிவாங்கி கைக்கு வந்ததும் எவ்வளவு எளிமையான ஆளும் சொற்பொழிவாளர் ஆகிவிடுவார்.

படித்துக்கொண்டிருப்பதைப் பற்றி மூன்று நிமிடம்

கூட்டத்தின் முதல் பாதி இதற்குத்தான். ஆளுக்கு மூன்று நிமிடம், பத்துப் பேர் என்றால் முப்பது நிமிடம். இடையில் கேள்விகளுக்கு இன்னொரு பத்து நிமிடம். நேரம் பார்க்க ஒருவரை நியமியுங்கள். அந்தப் பொறுப்பு மாதத்துக்கு ஒருவர் கைக்கு மாறட்டும், ஒருவரே எப்போதும் செய்தால் அவர் மேல் மனத்தாங்கல் வரும். இரண்டரை நிமிடத்தில் கையை உயர்த்த வேண்டும், மூன்று நிமிடத்தில் அடுத்தவர் பெயரைச் சொல்ல வேண்டும். ஓய்வுபெற்ற ஆசிரியராக இருந்தாலும், கோயில் தலைவராக இருந்தாலும், அதே மூன்று நிமிடம்தான். முதல் கூட்டத்திலேயே இதை வழக்கமாக்கிவிட்டால் பிறகு யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஐந்தாவது கூட்டத்தில் புதிதாகச் சொன்னால் அது ஒரு ஆளைக் குறிவைத்தது போலத் தெரியும்.

மூன்று நிமிடத்தில் என்ன சொல்வது? முதலில் எந்த இடத்தில் இருக்கிறீர்கள் என்று சொல்லுங்கள். பக்க எண்ணைவிட அத்தியாயம் மேல். கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ போன்ற நாட்டுடைமையான நூலைப் பல பதிப்பகங்கள் அச்சிட்டிருக்கின்றன. ஒருவர் கையில் இருக்கும் 200ஆம் பக்கம் இன்னொருவர் பிரதியில் 260ஆம் பக்கமாக இருக்கும். ஐந்து பாகம் கொண்ட நூலில் “முதல் பாகம், ஆடித் திருநாள் அத்தியாயம்” என்றால் எல்லாருக்கும் புரியும். பாதியில் இருப்பதற்கு வெட்கப்பட வேண்டாம். சொல்லப்போனால் பாதியில் இருப்பவர் பேச்சுத்தான் கேட்க நன்றாக இருக்கும், முடிவு அவருக்கும் தெரியாது என்பதால்.

அடுத்து, உங்களைப் பிடித்து நிறுத்திய ஒரே ஓர் இடம். ஒன்று மட்டும். அதை முடிந்தால் புத்தகத்திலிருந்தே ஐந்தாறு வரி வாய்விட்டுப் படியுங்கள். வழக்கமான அளவில் அச்சான ஒரு முழுப் பக்கத்தை நிதானமாகப் படித்தால் இரண்டு நிமிடம் போய்விடும், அதனால் கால் பக்கத்துக்கு மேல் வேண்டாம். வீட்டிலேயே ஒருமுறை சத்தமாகப் படித்துப் பார்த்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு துண்டுக் காகிதம் செருகிக்கொண்டு வாருங்கள். கூட்டத்தில் பக்கம் தேடுவதிலேயே ஒரு நிமிடம் போகும்.

கடைசியாக, எது உங்களை இன்னும் படிக்க வைக்கிறது, அல்லது எது தடுக்கிறது. இதைச் சொல்லாமல் விடுபவர்கள் அதிகம், பேச்சிலேயே பயனுள்ள பகுதி இதுதான். ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ படிக்கும் ஒருவர் இப்படிச் சொல்லலாம்:

“மூணுல ஒரு பங்கு தாண்டியிருக்கேன். ஜப்பான்காரன் சுமத்ராவுல இருக்கிற மேடான் ஊருக்குள்ள வர்றதோட கதை தொடங்குது. ஆரம்பத்துல யாரு பேசறாங்க, இப்ப நடக்குதா முன்னாடி நடந்ததான்னு சட்டுனு பிடிபடல. ரெண்டு தடவ திரும்பிப் போய்ப் படிச்சேன். ஆனா மலாய்ச் சொல்லு வர்ற இடத்துல நமக்கு அகராதி வேணாம், அது பெரிய வசதி. பினாங்கு வேற வருது. இந்தப் பாண்டியன் என்ன ஆவான்னு தெரியணும், அதுக்குத்தான் விடாம போறேன்.”

இதில் கதைச் சுருக்கம் இல்லை. ஆனாலும் கேட்பவருக்கு மூன்று விஷயம் தெரிந்துவிட்டது: தொடக்கம் கடினம், மலேசிய வாசகருக்கு ஒரு கூடுதல் பிடி உண்டு, பாத்திரம் இழுத்துக்கொண்டு போகிறது. 1972இல் வந்த நூல் என்றோ இன்ன விமர்சகர் பாராட்டினார் என்றோ சொல்லிக்கொண்டிருந்தால் அந்த மூன்று நிமிடம் போயிருக்கும்.

கதைச் சுருக்கம் சொல்வதுதான் எல்லாரும் செய்யும் தவறு. பள்ளியில் நீலாம் என்ற வாசிப்புப் பதிவேட்டில் நூலின் பெயர், ஆசிரியர், சுருக்கம், நன்னெறி என்று எழுதிப் பழகிய கை. அந்தப் பழக்கம் பெரியவர்கள் பேச்சிலும் வந்து ஒட்டிக்கொள்ளும். “இதுல வர்ற நீதி என்னன்னா” என்று ஒருவர் தொடங்கினால், “அண்ணே, உங்களுக்குப் பிடிச்ச எடத்த சொல்லுங்க” என்று யாராவது மெதுவாகத் திருப்பிவிட வேண்டும். பாதியில் விட்ட புத்தகத்தைப் பற்றியும் பேசலாம். ஏன் விட்டீர்கள், எந்த இடத்தில் விட்டீர்கள் என்று சொன்னால் அதே புத்தகம் பக்கத்து நாற்காலிக்காரருக்குச் சரியாக இருக்கும். ஒருவருக்கு நீளமாகப் பட்ட வர்ணனைதான் இன்னொருவர் தேடிக்கொண்டிருப்பது.

பரிந்துரைக்கும் முன் மூன்று கேள்வி

ஒருவர் “எனக்கு ஏதாச்சும் நல்லதா சொல்லுங்க” என்று கேட்டால் உடனே பெயர் சொல்லாதீர்கள். கடைசியாக எதை முழுசாக முடித்தீர்கள் என்று கேளுங்கள். பிடித்த எழுத்தாளர் யார் என்று கேட்டால் மரியாதைக்கு ஒரு பெரிய பெயரைச் சொல்வார்கள். முடித்தது எது என்று கேட்டால் உண்மை வரும். ஒரு வார இதழ்த் தொடர்கதையாக இருக்கலாம், ஞாயிறு பதிப்புச் சிறுகதையாக இருக்கலாம், ஒரு சமையல் புத்தகமாகவும் இருக்கலாம். அதிலிருந்து ஓர் அடி எடுத்து வைக்கும் புத்தகத்தைத்தான் தேட வேண்டும். ஐந்து அடி தள்ளி இருப்பதைக் கொடுத்தால் திரும்பி வராது.

இரண்டாவது, ஒரு தடவை உட்கார்ந்தால் எவ்வளவு நேரம் கிடைக்கும்? அரை மணி நேரத்துக்குக் குறைவு என்றால் சிறுகதைத் தொகுப்பு அல்லது அத்தியாயம் நாலைந்து பக்கத்தில் முடியும் நாவல். விடியுமுன் ரப்பர்ப் பால் வெட்டப் போகிறவருக்கு இரவில் நேரம் கிடையாது, மழை பெய்து வெட்டு இல்லாத காலை நேரம் உண்டு. தொழிற்சாலை பேருந்தில் போகிறவருக்குப் போகவர நாற்பது நிமிடம் இருக்கும், ஆனால் தடித்த புத்தகத்தைப் பையில் தூக்க மாட்டார். மூன்றாவது, தமிழ் எழுத்து எவ்வளவு சரளம்? இதைக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் கேட்கக் கூடாது. தேசியப் பள்ளியிலோ சீனப் பள்ளியிலோ படித்த பிள்ளைகள் வீட்டில் சரளமாகத் தமிழ் பேசுவார்கள், ஒரு பக்கம் படிக்க ஐந்து நிமிடம் எடுக்கும். அவர்களிடம் அது ஒரு குறையாக வெளிப்பட்டால் அடுத்த மாதம் வர மாட்டார்கள்.

பதில்கள் கிடைத்த பிறகு ஒரு புத்தகம் சொல்லுங்கள். ஒன்றுக்கு மேல் போனால் இரண்டு. ஐந்து பெயரைப் பட்டியலாகக் கொடுத்தால் ஒன்றையும் தொட மாட்டார்கள். சொல்லும்போது நீளம், மொழி, கனம் மூன்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். “முந்நூறு பக்கம், முதல் நாற்பது பக்கம் நெல்லைப் பேச்சு, கொஞ்சம் தடுக்கும், அப்புறம் ஓடும்” என்று முன்கூட்டியே சொன்னால் முப்பதாவது பக்கத்தில் அவர் தன்னையே குறை சொல்லிக்கொள்ள மாட்டார். “இன்னும் பத்துப் பக்கம்தான்” என்று தாண்டிப் போவார். கரிசல் வட்டாரச் சொல்லும் நாஞ்சில் நாட்டுச் சொல்லும் தமிழ்நாட்டு வாசகருக்கே சில நேரம் புரியாது, இங்கே பிறந்தவருக்கு எப்படிப் புரியும்? அதேபோல மலேசியத் தோட்ட நாவல்களில் பிரட்டு, மங்கு, தண்டல், கிராணி, ஆயாக்கொட்டகை என்று வரும்போது தாமானில் (நகர்ப்புறக் குடியிருப்பில்) வளர்ந்த பிள்ளை நின்றுவிடும். பத்துப் பதினைந்து சொற்களை ஒரு அட்டைத் துண்டில் எழுதி, பக்க அடையாளமாகவே புத்தகத்துக்குள் வைத்துக் கொடுங்கள். படிப்பவர் புதிதாக இடறும் சொல்லைப் பின்பக்கத்தில் எழுதித் திருப்பித் தரட்டும். நாலு கை மாறியதும் அந்த அட்டை நல்ல சொற்பட்டியல் ஆகிவிடும்.

கனம் என்பதை இன்னும் கவனமாகச் சொல்ல வேண்டும். ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ தோட்டத்து ஊர்களில் அதிகம் பேசத்தக்க நாவல். 1942க்கும் 1943க்கும் இடையில் ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர் சயாம்–பர்மா ரயில் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் கூட்டங்கூட்டமாகக் கொண்டுபோகப்பட்டார்கள், பல்லாயிரம் பேர் திரும்பவே இல்லை. இங்கே எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் ஒரு தாத்தாவோ பெரியப்பாவோ சயாமுக்குப் போனவராக இருக்கக்கூடும். அதனால் இதை நீட்டும் முன், “ஐயா, உங்க குடும்பத்துல சயாமுக்குப் போனவங்க யாரும் உண்டா?” என்று கேளுங்கள். உண்டு என்று சொன்னால் அவரே தீர்மானிக்கட்டும். சிலர் அதற்காகவே கேட்டு வாங்குவார்கள். சிலர் வேண்டாம் என்று கையசைப்பார்கள், அதற்குமேல் ஒரு சொல்லும் வேண்டாம். நோய், தற்கொலை, குழந்தை இறப்பு, குடும்ப வன்முறை இவை வரும் நூல்களுக்கும் இதே முறைதான். முடிவைச் சொல்ல வேண்டியதில்லை, “நடுவுல ஒரு சாவு வருது, கொஞ்சம் கனமா இருக்கும்” என்றால் போதும்.

கொடுத்த பிறகு துரத்தாதீர்கள். “படிச்சாச்சா?” என்று சந்திக்கும் இடத்தில் எல்லாம் கேட்டால் அவர் உங்களைக் கண்டு பாசாரில் வேறு வழியில் போவார். அடுத்த கூட்டத்தில் “எந்த எடத்துல இருக்கீங்க?” என்று ஒரு முறை கேளுங்கள். பிடிக்கவில்லை என்று சொன்னால் வாதாட வேண்டாம். எது பிடிக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள், அடுத்த பரிந்துரை அதிலிருந்துதான் சரியாக வரும். இரண்டு தடவை தவறினால் மூன்றாவதை வேறொருவர் சொல்லட்டும். நமக்கு மிகவும் பிடித்த புத்தகத்தை எல்லாருக்கும் கொடுக்கும் ஆசைதான் இதில் பெரிய இடறல். உயிராக நேசிக்கும் நூலை வருடத்துக்கு இரண்டே பேருக்குக் கொடுத்தாலும் போதும், அந்த இரண்டு பேரும் சரியான ஆட்களாக இருக்க வேண்டும்.

எழுத்தில் தடுமாறுபவர்களும் கண் மங்கியவர்களும்

இவர்களைச் சேர்த்துக்கொள்ளாத வட்டம் ஊரில் பாதியை வெளியே நிறுத்துகிறது. கூட்டத்தின் கடைசி இருபது நிமிடத்தை வாய்விட்டுப் படிப்பதற்கு ஒதுக்குங்கள். எட்டுப் பத்துப் பக்கச் சிறுகதை ஒன்று அந்த நேரத்துக்குச் சரியாக வரும். இரண்டு மூன்று பேர் மாறி மாறிப் படிக்கலாம், ஆனால் யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. இளையவர்கள் காதால் கேட்டபடி கண்ணால் வரியைத் தொடர்ந்தால் சில மாதங்களில் வேகம் கூடுவது நன்றாகத் தெரியும். அதற்காகக் கதையின் பிரதிகள் குறைந்தது இரண்டு மூன்று கையில் இருக்க வேண்டும். படித்து முடித்ததும் அமைதியாக அரை நிமிடம் விடுங்கள். முதலில் பேசுவது வயதில் சின்னவராக இருக்கட்டும், பெரியவர் பேசிய பிறகு அவர்கள் அதையே திருப்பிச் சொல்வார்கள்.

தோட்டத்தில் வளர்ந்த அம்மாக்கள் பலருக்கு எழுத்து வராது, ஆனால் கதை கேட்டுக் கருத்துச் சொல்வதில் அவர்கள் கெட்டிக்காரர்கள். லயத்தில் (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பில்) நடந்ததா, நடக்காததா என்று அவர்கள் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுவார்கள். கண்பார்வை குறைந்தவருக்கு மின்னூலில் எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டுங்கள். பிடிஎஃப் கோப்பில் எழுத்தைப் பெரிதாக்கினால் வரி திரையை விட்டு வெளியே ஓடும், இபப் (EPUB) கோப்பில் வரி தானாக மடங்கிக்கொள்ளும்.

ஆங்கிலத்திலோ மலாயிலோ படிப்பவர் அந்தப் புத்தகத்தைப் பற்றித் தமிழில் மூன்று நிமிடம் பேசட்டும். அவரைத் தடுத்தால் இளையோர் ஒருவரும் மிஞ்ச மாட்டார்கள்.

கடன் கொடுக்கும் நோட்டு

நம்பிக்கை இருக்கும் இடத்திலும் நோட்டு வேண்டும். தடித்த அட்டை நோட்டு ஒன்று, ஆறு பத்தி: வரிசை எண், நூலும் ஆசிரியரும், சொந்தக்காரர், வாங்கியவர், வாங்கிய தேதி, திரும்பிய தேதி. கொடுக்கும்போதே எழுதுங்கள், வீட்டுக்குப் போய் எழுதலாம் என்றால் மறந்துபோகும். ஒருவருக்கு ஒரு நேரத்தில் ஒரே புத்தகம், அடுத்த கூட்டம் வரை தவணை. முடியவில்லை என்றால் இன்னொரு மாதம், யாரும் காத்திருக்கவில்லை என்றால் மட்டும். புத்தகத்தை வாங்கியவர் இன்னொருவருக்கு நேராகக் கொடுக்கக் கூடாது, நோட்டின் வழியாகத்தான் போக வேண்டும். காணாமல் போகும் புத்தகங்களில் பெரும்பாலானவை இந்த மூன்றாவது கையில்தான் மறைகின்றன. யாருடைய குற்றமும் இல்லாமலே மறையும்: வாங்கியவர் கொடுத்துவிட்டதாக நினைப்பார், கொடுத்தவர் திரும்பிவிட்டதாக நினைப்பார். பதிப்பில் இல்லாத நூல், எழுத்தாளர் கையெழுத்திட்ட பிரதி, அப்பா அம்மா விட்டுப்போன புத்தகம் இவற்றைக் கடன் கொடுக்காதீர்கள். கூட்டத்துக்குக் கொண்டுவந்து காட்டுங்கள், அங்கேயே படியுங்கள்.

மோட்டார் சைக்கிள் கூடையில் வரும் புத்தகத்துக்கு ஜிப் வைத்த பிளாஸ்டிக் பை கட்டாயம். பேராக் மாநிலத்தில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் மாலை மழை எப்போது வரும் என்று சொல்ல முடியாது. நனைந்துவிட்டால் வெயிலில் போடாதீர்கள், தாள் சுருங்கி அட்டை கழன்றுவிடும். இருபது பக்கத்துக்கு ஒன்றாக வெள்ளைத் திசுத்தாள் செருகி, நிமிர்த்தி வைத்து, விசிறிக் காற்றில் காய விடுங்கள். தாளை மணிக்கு ஒரு முறை மாற்றுங்கள். இரண்டு நாளைக்குள் காயாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். அலமாரியைச் சுவரை ஒட்டி வைக்காமல் நாலு விரல் இடைவெளி விடுங்கள். இராமபாணப் பூச்சி பிடித்த புத்தகத்தைக் காற்று புகாத பையில் கட்டி உறைபெட்டியில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்த பின் ஒரு நாள் முழுக்கப் பையைத் திறக்கக் கூடாது, திறந்தால் குளிர்ந்த தாளில் நீர் கோத்துக்கொள்ளும். கிழிந்த பக்கத்துக்கு சாதாரண ஒட்டுநாடா வேண்டாம், சில வருடத்தில் மஞ்சளாகி எழுத்தையும் தின்னும். மெல்லிய தாளும் மாவுப்பசையும் போதும்.

புத்தகம் எங்கிருந்து வரும்

ஆளுக்கு மாதம் ஐந்து வெள்ளி (ரிங்கிட்) போட்டால் பன்னிரண்டு பேரில் அறுபது வெள்ளி சேரும். அதில் வாங்கும் நூல் வட்டத்தின் பொதுச் சொத்து. எதை வாங்குவது என்பதை அந்த மாதம் அதிகம் பேர் “எனக்கும் வேணும்” என்று கேட்ட பரிந்துரையிலிருந்து எடுங்கள்.

மலேசிய எழுத்தாளர்களின் நூல்களுக்குக் கடையை மட்டும் நம்பக் கூடாது. பலரும் சொந்தக் காசில் அச்சிட்டு, வெளியீட்டு விழாவில் விற்று, மிச்சத்தை வீட்டில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். எழுத்தாளரிடமே நேராகக் கேட்டு வாங்குவதுதான் அவருக்கும் நல்லது, நமக்கும் விரைவு. எழுத்தாளர் சங்கத்தின் வழியாகவோ நாளிதழ் ஞாயிறு பதிப்பின் வழியாகவோ தொடர்பு கிடைக்கும். ரசீது கேட்டு வாங்கி வையுங்கள்: வருமான வரியில் ‘காயா ஹிடுப்’ (வாழ்க்கைமுறை) பிரிவில் புத்தகம், இதழ், கணினி, இணையக் கட்டணம் எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 2,500 ரிங்கிட் வரை விலக்கு உண்டு, ரசீதை ஏழு ஆண்டு பத்திரப்படுத்த வேண்டும்.

நூலகத்தில் தமிழ் நூல் தேடுபவர்கள் 894.811 என்ற எண்ணை நினைவில் வையுங்கள், நூலகங்கள் நூல்களை வகைப்படுத்தும் டூவி பகுப்பு முறையில் தமிழ் இலக்கியத்துக்கான எண் அது. ஈப்போ துன் ரசாக் நூலகம் போன்ற பொது நூலகத்துக்குப் போனால் முதலில் பட்டியல் கணினியில் அந்த எண்ணைத் தேடுங்கள். ஆசிரியர் பெயரைத் தமிழ் எழுத்தில் தேடிக் கிடைக்காவிட்டால் ரோமன் எழுத்தில் இரண்டு மூன்று விதமாகத் தட்டிப் பாருங்கள்.

இணையத்தில் 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகம், ஈழத்து நூல்களுக்கு நூலகம் தளம் ஆகியவை இலவசம். தமிழ்நாட்டு அரசு நாட்டுடைமையாக்கிய எழுத்தாளர்களின் நூல்களை, பாரதி (1949) முதல் கல்கி (1999) வரை, தாராளமாகப் பகிரலாம். மற்றவை அப்படி இல்லை. மலேசியச் சட்டப்படி எழுத்தாளர் மறைந்து ஐம்பது ஆண்டு வரை பதிப்புரிமை உண்டு. வாட்ஸ்ஆப்பில் வரும் நாவல் பிடிஎஃப் பெரும்பாலும் திருட்டுப் பிரதிதான். ஐந்நூறு பிரதி அச்சிட்டு அதில் முந்நூறை விற்க முடியாமல் வைத்திருக்கும் எழுத்தாளரின் நூலை ஒருவர் ஸ்கேன் செய்து அனுப்பினால், அடுத்த புத்தகம் வராமல் போவதற்கு அதுவே போதும். வட்டத்தில் இதை ஒரு விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள். 1984ஆம் ஆண்டு அச்சக, வெளியீட்டுச் சட்டத்தின் கீழ் உள்துறை அமைச்சு தடை செய்த நூலைச் சுற்றுக்கு விடுவதும் குற்றம், சந்தேகம் இருந்தால் அமைச்சின் பட்டியலைப் பார்த்துவிடுங்கள்.

கூட்டம் கெடும் வழிகள்

வாட்ஸ்ஆப் குழுவில் காலை வணக்கப் படங்கள் நுழைந்தால் ஒரு மாதத்தில் யாரும் திறக்க மாட்டார்கள். குழுவுக்கு இரண்டே வேலை: கூட்டத் தேதி, வாரத்துக்கு ஒரு முறை ‘இந்த வாரம் படிப்பது’ என்று அட்டைப் படமும் இரண்டு வரியும். மற்றதற்கு வேறு குழு.

பொன்னாடை, மாலை, குத்துவிளக்கு, தலைமையுரை என்று விரிந்தால் புத்தகத்துக்கு நேரம் இருக்காது. எழுத்தாளர் ஒருவரை அழைப்பதானால் அவருடைய ஒரு நூலையாவது வட்டத்தில் ஐந்து பேர் முழுதாகப் படித்த பிறகு அழையுங்கள். படிக்காமல் கூப்பிட்டுப் பாராட்டுவதைவிட, “முப்பதாம் பக்கத்துல அந்தக் கங்காணி ஏன் திரும்பி வந்தான்?” என்ற ஒரு கேள்வி அவருக்குப் பெரிய மரியாதை.

கட்சி, சாதி, சமயம் மூன்றும் நாவலுக்குள் வரும், பேசாமல் இருக்க முடியாது. பாத்திரம் செய்ததைப் பற்றிப் பேசலாம், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் குடும்பத்தைப் பற்றிப் பேசக் கூடாது. பேச்சு அந்தப் பக்கம் சாய்ந்தால், அந்த மாதம் நேரம் பார்ப்பவர் “எந்தப் பக்கத்துல அப்படி வருது?” என்று கேட்கட்டும். புத்தகத்தைத் திறந்ததும் சூடு தணிந்துவிடும்.

தீபாவளி மாதத்திலும் ஆண்டு இறுதிப் பள்ளி விடுமுறையிலும் ஆள் குறையும். மூன்று பேர் வந்தாலும் கூட்டத்தை ரத்து செய்யாமல் ஒரு சிறுகதை படித்துவிட்டுக் கலையுங்கள், நோட்டில் திரும்பிய புத்தகங்களை வரவு வையுங்கள், அடுத்த மாதத்துக்கு யார் நேரம் பார்ப்பது, யார் சாவி வாங்குவது என்று அங்கேயே பெயர் எழுதிவிடுங்கள்.